அயல்நாட்டில் செவிலியர் வேலை: விண்ணப்பமும் அத்தாட்சியும்

(ஒரு கூட்டுறவு ஆய்வாளர்)

தறியையும் ஏரையும் நம்பி வாழும் குடும்பங்களிலே பெண் மக்களைச் செவிலியர் படிப்பில் சேர்க்கும் வழக்கம் பெருகி வருவதை அங்கத்தினர்கள் நன்கறிவர். நான்காண்டுப் பட்டப் படிப்பையோ மூன்றாண்டு டிப்ளமாவையோ முடித்து, தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் கவுன்சிலில் பெயரைப் பதிவு செய்துகொண்டு, மருத்துவமனையில் இரண்டொரு ஆண்டு வேலை பார்த்த பின்னர், அவர்களுள் பலருடைய நாட்டம் கடல் கடந்த நாடுகளின் பால் செல்கிறது. தந்தை நெசவில் மிச்சம் பிடித்த பணமும் தாயின் நகையும் படிப்புக்கே செலவாகியிருக்கும். பாங்கிக் கடன் ஒரு பக்கம் நிலுவையில் நிற்கும். உள்ளூரில் தனியார் மருத்துவமனை தரும் சம்பளத்தைக் கொண்டு இவற்றையெல்லாம் அடைப்பது எளிதன்று. ஆகவே அயல்நாட்டு உத்தியோகத்தை நாடுவதில் குறை ஒன்றுமில்லை. அதைத் தேடும் முறையிலேதான் நன்மையும் தீமையும் அடங்கியிருக்கின்றன.

இங்கே தேர்ச்சி பெற்ற செவிலியர் அங்கே ‘வெளிநாட்டில் பயின்றவர்’ என்ற பிரிவில் வைத்து எண்ணப்படுகிறார். வேலை தருபவர் அவர் படித்த கல்லூரியைக் கண்டதில்லை. பணி செய்த வார்டைக் கண்டதில்லை. இருவருக்கும் இடையே நிற்பவை காகிதங்களே. நம் சங்கங்களின் நிலையும் இதுவே அன்றோ? தணிக்கைக்கு வருபவர் ஆண்டு முழுவதும் நூல் வழங்கியதையும் துணி கொள்முதல் செய்ததையும் நேரில் பார்த்தவர் அல்லர். ரொக்கப் புத்தகத்தில் ஒரு வரி இருந்தால் அதற்கு ஒரு வவுச்சர் இருத்தல் வேண்டும். இல்லையேல் அச்செலவு ஏற்கப்படாது. இவ்விதியைக் காரியதரிசி முதல் கடைசி அங்கத்தினர் வரை யாவரும் அறிவர். அயல்நாட்டு வேலைக்கும் இதே விதி இருமுறை பொருந்துகிறது. விண்ணப்பத்தில் எழுதும் ஒவ்வொரு வரிக்கும் ஓர் அத்தாட்சி வேண்டும். அவ்வேலைக்காகக் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ஒரு ரசீது வேண்டும். இவ்விரண்டையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதல் வேலை: பெயரை ஒன்றாக்குதல்

தமிழ்நாட்டு விண்ணப்பதாரர்களுக்கென்றே ஏற்படும் இடையூறு ஒன்றுண்டு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது; தந்தை பெயரின் முதலெழுத்தே உண்டு. பள்ளிச் சான்றிதழில் முதலெழுத்து முன்னே நிற்கும். பட்டத்தில் பின்னே நிற்கும். பாஸ்போர்ட்டிலோ தந்தையின் முழுப் பெயரே குடும்பப் பெயராக அச்சாகியிருக்கும். மணமான பின் கணவர் பெயரைச் சேர்த்துக் கொண்டவர்களுக்குச் சிக்கல் இரட்டிப்பாகும். ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக் கூடினும் குறையினும், அங்குள்ள அதிகாரி இவை இருவருடைய பத்திரங்களோ என ஐயுறுவது இயல்பு.

ஆதலின், விண்ணப்பம் எழுத உட்காருமுன் பள்ளி இறுதிச் சான்றிதழ், பட்டம் அல்லது டிப்ளமா, கவுன்சில் பதிவு, பணி அனுபவச் சான்றிதழ், பாஸ்போர்ட் ஆகிய ஐந்தையும் மேசைமீது பரப்பி, பெயரும் பிறந்த தேதியும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கின்றனவா என்று பார்த்தல் வேண்டும். திருத்தக் கூடியவற்றைத் திருத்திக் கொள்க. திருத்த இயலாதவற்றுக்கு, இரு பெயரும் ஒருவரையே குறிப்பன என்று நோட்டரி முன்னிலையில் உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கொள்க. இது பல வாரம் பிடிக்கும் காரியம். வேலை கிடைத்தபின் பார்த்துக் கொள்ளலாம் என்று ஒத்திவைத்தால் விசா வேளையில் இடர் விளையும்.

தன்விவரக் குறிப்பு எழுதும் முறை

கல்வி, அனுபவம் முதலியவற்றை ஓரிரு பக்கத்தில் தொகுத்துத் தருவது தன்விவரக் குறிப்பு. நம் இளைஞர் பலர் இதனை ஐந்தாறு பக்கத்துக்கு எழுதுகின்றனர். ‘கடின உழைப்பாளி’, ‘எதையும் விரைவில் கற்பவர்’ என்ற புகழுரைகள் முதற்பக்கத்தை நிரப்புகின்றன. இவற்றுக்கு அத்தாட்சி காட்ட முடியுமா? முடியாது. எனவே அவை நீக்கத் தக்கவை. இரண்டு பக்கம் போதும்.

முதலில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர், தொலைபேசி, மின்னஞ்சல். அடுத்துக் கவுன்சில் பதிவு எண், பதிவு செய்த தேதி, அது நடப்பில் உள்ள காலம். மூன்றாவதாக மொழித் தேர்வு மதிப்பெண்ணும் தேர்வெழுதிய தேதியும். இவை மூன்றையும் முதற் பாதிப் பக்கத்திலேயே தந்துவிட்டால், படிப்பவர் மேலே படிக்கலாமா என்று உடனே தீர்மானிப்பார்.

பின்னர் அனுபவம். அண்மையில் பார்த்த வேலை முதலாகவும், பழையது பின்னாகவும் வரிசைப்படுத்துக. ‘மருத்துவமனையில் நோயாளிகளைக் கவனித்தேன்’ என்றெழுதுவது யாதொரு பயனும் தராது. செவிலியர் வேறென்ன செய்வார்? மருத்துவமனையில் எத்தனை படுக்கை, தாம் பணிபுரிந்த பிரிவு எது, அதில் எத்தனை படுக்கை, ஒரு முறைப் பணியில் தம் பொறுப்பில் எத்தனை நோயாளிகள், எவ்வகை நோயாளிகள், எந்தெந்தக் கருவிகளைத் தாமே இயக்கியவர் என்று எண்ணிக்கையோடு எழுதுதல் வேண்டும். எடுத்துக்காட்டாக: ‘200 படுக்கை கொண்ட பொது மருத்துவமனை, 10 படுக்கைத் தீவிர சிகிச்சைப் பிரிவு, ஒரு முறைக்கு 2 நோயாளிகள் பொறுப்பு, செயற்கைச் சுவாசக் கருவியில் உள்ளோரின் பராமரிப்பு, சொட்டு மருந்துப் பம்புகளை இயக்குதல், இரவுப் பணியில் புதிய செவிலியர் இருவருக்கு மேற்பார்வை.’ இது பொறுக்கியெடுத்த நெல்மணி போன்றது; பதர் இல்லை.

தேதிகளில் மாதமும் ஆண்டும் தவறாது வருதல் வேண்டும். இடையே வேலையற்றிருந்த காலத்தை மறைக்க முயல்வது பெரும் பிழை. மகப்பேறு, தாய் தந்தையர் நோய், தேர்வுக்குப் படித்தல் ஆகிய எதுவாயினும் ஒரே வரியில் உண்மையைக் குறிப்பிட்டுவிட்டால் அது குறையாகக் கருதப்படுவதில்லை. காரணமின்றி விடப்பட்ட ஆறு மாத இடைவெளியே ஐயத்துக்கு இடம் தருகிறது. இருப்புப் பதிவேட்டில் ஒரு பக்கம் கிழிந்திருந்தால் நாம் என்ன நினைப்போம்?

உயிர்காக்கும் முதலுதவிப் பயிற்சிச் சான்றிதழ் இருப்பின் அதன் காலக்கெடுவுடன் குறிப்பிடுக. அமெரிக்க இதயச் சங்கத்தின் அட்டை இரண்டு ஆண்டுகளுக்கே செல்லும். காலங் கடந்ததை எழுதிப் பயனில்லை. இறுதியாக, தம்மைப் பற்றி விசாரித்தால் பதில் சொல்லக்கூடிய இருவர் பெயர். அவர்கள் மேற்பார்வைச் செவிலியராகவோ கண்காணிப்பாளராகவோ இருத்தல் நலம். மருத்துவமனையின் அலுவலக மின்னஞ்சல் முகவரியைத் தருதல் அதினும் நலம். அவர்களிடம் முன்கூட்டியே சம்மதம் பெற்றிருத்தல் வேண்டும்.

அனுபவச் சான்றிதழைப் பற்றி ஓர் எச்சரிக்கை

வளைகுடா நாடுகளிலுள்ள சுகாதார அதிகார அமைப்புகள் நகலைப் பார்த்து நம்புவதில்லை. டேட்டாஃப்ளோ போன்ற சரிபார்க்கும் நிறுவனங்கள் வாயிலாக, கல்லூரிக்கும் கவுன்சிலுக்கும் மருத்துவமனைக்கும் நேரே எழுதிக் கேட்கின்றன. இதற்கு மூலச் சரிபார்ப்பு என்று பெயர். மருத்துவமனை பதில் எழுதாவிட்டால் மெய்யான அனுபவமும் கணக்கில் வராமற் போகலாம். போலி என்று தெரிந்துவிட்டாலோ, அந்தக் குறிப்பு விண்ணப்பதாரரின் பெயரோடு ஒட்டிக்கொண்டு எதிர்கால விண்ணப்பங்களையும் கெடுத்துவிடும். ‘இரண்டாண்டு அனுபவம் என்று ஒரு கடிதம் வாங்கித் தருகிறேன்’ என்று சொல்லும் தரகர், மகளுக்கு வேலை தேடித் தருபவர் அல்லர். அவள் வாழ்நாள் முழுவதும் உழைத்துப் பெற்ற பதிவுக்கே உலை வைப்பவர்.

வேலையை விட்டு விலகும் அன்றே, மருத்துவமனையின் பெயர் அச்சிட்ட தாளில், சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, பிரிவு ஆகியவை எழுதிக் கையொப்பமும் முத்திரையும் இட்ட சான்றிதழைப் பெற்றுவிடுக. சிறு மருத்துவமனைகள் சில மூடப்பட்டும் கைமாறியும் போவதுண்டு. பிறகு கேட்டால் தருவதற்கு ஆள் இராது. மேலும், அசல் சான்றிதழ்களை ஈடாக வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அதற்கு உடன்படுதல் கூடாது. பாஸ்போர்ட்டோ மத்திய சர்க்காரின் உடைமை என்று 1967-ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டமே கூறுகிறது. அதை முதலாளியிடமோ தரகரிடமோ ஒப்படைப்பது எவ்வாற்றானும் தகாது.

நாட்டுக்கு நாடு முறை வேறு

ஒரே குறிப்பை எல்லா நாட்டுக்கும் அனுப்புவது, ஒரே பாவில் வேட்டியும் சேலையும் நெய்ய முற்படுவது போலாகும்.

பிரிட்டனில் செவிலியர் மற்றும் பேறுகாலப் பணியாளர் கவுன்சிலில் பதிவு பெறுதல் வேண்டும். அதற்கு மொழித் தேர்வு உண்டு. ஐ.இ.எல்.டி.எஸ். கல்வித் தேர்வாயின் படித்தல், கேட்டல், பேசுதல் மூன்றிலும் 7-உம், எழுதுதலில் 6.5-உம் தேவை. மருத்துவப் பணியாளருக்கென அமைந்த ஓ.இ.டி. தேர்வாயின் அம்மூன்றில் ‘பி’ தரமும், எழுதுதலில் ‘சி பிளஸ்’ தரமும் வேண்டும். பின்னர்த் திறன் தேர்வு இரு பகுதியாக நடைபெறும். முதற் பகுதி கணினியில் எழுதுவது, இந்தியாவிலேயே எழுதலாம். இரண்டாம் பகுதி பத்து நிலையங்களில் செய்து காட்டும் தேர்வு. அது பிரிட்டனில் நடைபெறும். அந்நாட்டுக்கு அனுப்பும் குறிப்பில் புகைப்படம், மதம், மணமானவரா என்ற விவரம் இவையெல்லாம் வேண்டியதில்லை. அங்குள்ள தேசிய சுகாதாரப் பணியில் தன்விவரக் குறிப்பை விடப் படிவமே முக்கியம். ஒவ்வொரு வேலைக்கும் ‘இன்றியமையாதவை’, ‘இருந்தால் நலம்’ என இரு வரிசையில் தகுதிகளைப் பட்டியலிட்டிருப்பர். ஆதரவு விவரம் என்ற பகுதியில், அப்பட்டியலின் ஒவ்வொரு தகுதிக்கும் தம் அனுபவத்திலிருந்து ஒரு சான்று காட்டி வரிசை பிறழாது எழுதுதல் வேண்டும்.

வளைகுடா நாடுகளில் புகைப்படமும், பிறந்த தேதியும், நாட்டினமும் குறிப்பில் இடம் பெறுவது வழக்கம். மூலச் சரிபார்ப்புடன் கணினித் தேர்வும் உண்டு. பெரும்பாலான இடங்களில் இரண்டாண்டு அனுபவம் கேட்கப்படுகிறது.

ஜெர்மனியில் மொழியே முதல் வாயில். உரிமம் பெறுவதற்குப் பொதுவாக ஜெர்மன் மொழியில் ‘பி 2’ நிலை வேண்டும். தன்விவரக் குறிப்பை அட்டவணை வடிவில், பள்ளிப் படிப்பு முதல் இன்று வரை இடைவெளியின்றி எழுதித் தேதியும் கையொப்பமும் இடுவது அந்நாட்டு மரபு. நம் அண்டை மாநிலமாகிய கேரளத்தின் நோர்க்கா நிறுவனம், ஜெர்மன் அரசு நிறுவனங்களோடு 2021-இல் உடன்படிக்கை செய்துகொண்டு ‘டிரிப்பிள் வின்’ என்னும் திட்டத்தின் கீழ்ச் செவிலியரை அனுப்பி வருகிறது. அத்திட்டத்தில் ஆள் சேர்க்கும் கட்டணம் செவிலியரிடம் வாங்கப்படுவதில்லை. வேலை தருபவரே செலவை ஏற்கிறார்.

அமெரிக்காவுக்கு என்க்ளெக்ஸ் என்னும் தேர்வு உண்டு. அதற்குரிய மையம் சென்னையிலும் இருக்கிறது. ஆனால் குடியேற்ற விசா கிடைக்க ஆண்டுகள் பல ஆகலாம். காத்திருக்கும் காலத்தில் வேலையை விடாதிருத்தல் விவேகம்.

நேர்முகத் தேர்வு

பெரும்பாலும் காணொளி வாயிலாகவே நடைபெறுகிறது. பாடப் புத்தகத்தை ஒப்புவிக்கச் சொல்லுவதில்லை. ‘நோயாளி படுக்கையிலிருந்து விழுந்து கிடக்கிறார், என்ன செய்வீர்?’, ‘தவறான மருந்து கொடுக்கப்பட்டதைக் கண்டால் என்ன செய்வீர்?’ என்பன போன்ற வினாக்களே வரும். முதலில் நோயாளியின் பாதுகாப்பு, சுவாசப் பாதை, சுவாசம், இரத்த ஓட்டம், உணர்வு நிலை, உடல் முழுதும் ஆராய்தல் என்ற ஒழுங்கு, உதவிக்கு அழைத்தல், மேலதிகாரிக்குத் தெரிவித்தல், பதிவேட்டில் எழுதுதல் என்ற முறையில் விடை அமைதல் வேண்டும். தவறை மறைப்பவரை எந்த நாடும் விரும்புவதில்லை. இங்கிலாந்தில் 2012-இல் செவிலியர்க்கென வகுத்த ஆறு பண்புகள் உள. பராமரிப்பு, இரக்கம், திறமை, தொடர்பு கொள்ளுதல், துணிவு, ஈடுபாடு என்பன அவை. இவை ஒவ்வொன்றுக்கும் தம் பணியில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சியை முன்னரே நினைவில் கொண்டிருந்தால் விடை தானே வரும்.

பணம் கேட்பவர் யார்?

இனி இரண்டாம் பகுதியாகிய ரசீதுக்கு வருவோம். நம் அங்கத்தினர்கள் அதிகமாக ஏமாறுவது இங்கேதான்.

பிரிட்டனில் அந்நாட்டு அரசு வகுத்துள்ள அயல்நாட்டு ஆள்சேர்ப்பு நடத்தை விதிகளின்படி, வேலை தேடித் தருவதற்காகச் செவிலியரிடம் கட்டணம் வாங்குதல் கூடாது. இவ்விதிக்கு உட்பட்ட முகவர்களின் பட்டியலும் வெளியிடப்பட்டுள்ளது. இந்திய நாட்டிலோ, 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்ற முகவரே அயல்நாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கலாம். அவர் வாங்கத்தக்க சேவைக் கட்டணம் 30,000 ரூபாய்க்கு மேற்படலாகாது. அதன்மீது வரி 18 விழுக்காடு, அதாவது 5,400 ரூபாய். ஆக 35,400 ரூபாய். இதற்கு ரசீது தருதல் கட்டாயம். முகவரின் பதிவு எண் மெய்யானதா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் எவரும் பார்த்துக் கொள்ளலாம். வளைகுடா நாடுகள் உள்ளிட்ட 18 நாடுகளுக்குச் செல்லும் செவிலியர் குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி பெற்றே செல்ல வேண்டும் என 2015-இல் ஆணை பிறந்தது. அவர்களைத் தெரிந்தெடுக்கும் வேலையும் மாநில அரசு நிறுவனங்களிடம் அப்போது ஒப்படைக்கப்பட்டது.

இந்த ஆணை பிறந்த காரணத்தை அறிந்தால் அதன் அருமை விளங்கும். குவைத் நாட்டு வேலைக்காக 19,500 ரூபாய் வாங்க வேண்டிய இடத்தில், அதைப்போல் நூறு மடங்கு, அதாவது ஏறத்தாழ 19.5 லட்ச ரூபாய், ஒவ்வொரு செவிலியரிடமும் வாங்கப்பட்டதென்று 2015-இல் கொச்சியில் மத்தியப் புலனாய்வுத் துறை வழக்குத் தொடர்ந்தது. அதற்கு முந்திய ஆண்டு, ஈராக் நாட்டுப் போரில் அகப்பட்ட 46 இந்தியச் செவிலியர் 2014 ஜூலையில் தாயகம் மீட்கப்பட்டனர். அவர்களுள் ஒருவர் தூத்துக்குடியைச் சேர்ந்தவர். துப்பாக்கி முழக்கத்தின் நடுவிலும் ஊர் திரும்பச் சிலர் தயங்கியதற்குக் காரணம், பல மாதச் சம்பளப் பாக்கியும் ஊரில் காத்திருந்த கடனுமே என்று அந்நாளைய செய்திகள் கூறின. கடன் மனிதனை எவ்வளவு தூரம் கட்டிப்போடும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

கணக்குப் போட்டுப் பாருங்கள். தரகருக்குக் கொடுக்க 3 லட்ச ரூபாயை நூற்றுக்கு இரண்டு மாத வட்டிக்கு வாங்கினால் மாதம் 6,000 ரூபாய் வட்டி. இரண்டாண்டு ஒப்பந்தம் முடிவதற்குள் வட்டி மட்டும் 1,44,000 ரூபாய். மகள் அனுப்பும் பணத்தில் முதற் பங்கு, தறி ஓட்டாதவனுக்கும் நோயாளியைத் தொடாதவனுக்கும் போய்ச் சேருகிறது.

நான் கண்ட ஒரு சங்கத்தில், நெசவாளி அங்கத்தினர் ஒருவர் மகளின் பிரயாணத்துக்கென்று நகை அடகு வைக்க முற்பட்டார். காரியதரிசி கடனை மறுக்கவில்லை. ‘முகவரின் பதிவு எண்ணையும், அவர் தரப்போகும் ரசீதின் மாதிரியையும் கேட்டு வாருங்கள்’ என்று மட்டும் சொன்னார். முகவர் இரண்டையும் தர மறுத்ததோடு, இடம் வேறொருவருக்குப் போய்விடும் என்று அவசரப்படுத்தினார். நகை பெட்டியிலேயே இருந்தது. அந்தப் பெண் மொழித் தேர்வை மீண்டும் எழுதத் தயார் செய்துகொண்டிருக்கிறாள்.

வேலை உறுதியாகுமுன் பணம் கேட்டல், ரசீது தர மறுத்தல், சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக் கொள்ளலாம் என்று கூறுதல், ஒப்பந்தத்தைப் படிக்க அவகாசம் தராமை ஆகிய நான்கில் ஒன்று தென்பட்டாலும் விலகிக் கொள்க. ஒப்பந்தத்தில் சம்பளம், வேலை நேரம், தங்குமிடம், விடுமுறை ஆகியவற்றோடு, இடையில் விலகினால் திருப்பிக் கட்ட வேண்டிய தொகை எவ்வளவு என்பதையும் ஊன்றிப் படித்தல் அவசியம்.

சங்கங்கள் செய்யத் தக்கவை

தனியாக நிற்பவனே ஏமாற்றப்படுகிறான் என்பதுதான் கூட்டுறவின் முதற் பாடம். நூலை மொத்தமாக வாங்கி இடைத்தரகனை விலக்கிய நம் சங்கங்கள், மக்களின் உத்தியோக விஷயத்தில் மட்டும் அவனை ஏன் வாயிலில் நிறுத்த வேண்டும்?

தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் சென்னையில் இயங்கி வருகிறது. அதன் விளம்பரங்களைச் சங்க அறிவிப்புப் பலகையில் ஒட்டுக. பயணக் கடன் கேட்டு வரும் அங்கத்தினரிடம் முகவரின் பதிவு எண்ணைக் கேட்டுச் சரிபார்த்துச் சொல்லுக. அயல்நாட்டில் இப்போது பணிபுரியும் அங்கத்தினர் மக்களை விடுமுறையில் வரும்போது அழைத்துப் புதியவர்களோடு பேசச் செய்க. பத்திரங்கள் அனைத்தின் நகலும் ஒரு தொகுதி வீட்டில் இருக்கும்படி அறிவுறுத்துக. குடிபெயர்வு அனுமதி பெற்றுச் செல்பவருக்கு விபத்து மரணம் முதலியவற்றுக்கு 10 லட்ச ரூபாய் வரை ஈடு தரும் பிரவாசி பாரதீய பீமா யோஜனா என்ற காப்பீடு உண்டு. அதன் பத்திரத்தையும் அத்தொகுதியில் சேர்த்து வைக்கச் சொல்லுக.

செவிலியரின் கைத்திறன் உலகெங்கும் வேண்டப்படுவது. அதை விற்பதற்குப் பொய் தேவையில்லை. விலைக்கு வாங்க வேண்டிய அவசியமும் இல்லை. உள்ளதை உள்ளபடி எழுதி, எழுதியதற்குச் சான்று வைத்து, கொடுத்ததற்கு ரசீது பெற்றுச் செல்லும் பெண், எந்த நாட்டு வார்டிலும் கடன்காரரை நினைத்து அஞ்சாமல் தன் வேலையைப் பார்ப்பாள். நம் வீட்டுப் பிள்ளைகள் அங்ஙனம் சென்று வர, ஒவ்வொரு சங்கமும் துணை நிற்குமாக.